இருபது ராத்திரி தாங்கும்

எழுதுவதற்கு நான் யார் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. பத்தாம் வகுப்போடு நின்றவள். வருகைப்பதிவு எடுக்கும்போது நான் எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்வதற்குள் சார் அடுத்த பெயருக்குப் போயிருப்பார். அந்தப் பெண்தான் நான். நினைவிருக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுது என்று நம்மோடு படித்தவள் ஒருத்தி விடாமல் போன் செய்கிறாள். மறுக்க வாய் வராததால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நம் எல்லோருக்கும் இப்போது ஆளுக்கொரு மூக்குக்கண்ணாடியும் மாத்திரை டப்பாவும் வந்துவிட்டன. பழையதைப் பேசினால் கேட்கிறவர்கள் நாம் மட்டும்தான்.

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் மாட்டினோம். பேட்டரியின் நெற்றியில் 150 என்று பெரிதாக ஒட்டியிருந்தது. மகன் போனில் கணக்குப் போட்டான். "நூத்தம்பது பெருக்கல் பன்னெண்டு, ஆயிரத்தி எண்ணூறு. நம்ம ஃபேன், லைட்டு எல்லாம் சேர்த்து முந்நூறு வாட்டு. ஆறு மணி நேரம் ஜம்முனு ஓடும்மா." அடுத்த மழைக்கே கரண்ட் போனது. நாலு மணி நேரம்கூட ஆகவில்லை, பெட்டி கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது.

கடையிலிருந்து வந்த தம்பி பேட்டரியைத் திறந்தும் பார்க்கவில்லை. "கெட்டுப் போகலக்கா. அந்த நம்பரு, புது பேட்டரிய இருவது மணி நேரம் மெதுவா எறக்கி எடுத்த கணக்கு. ஒரேடியா இழுத்தா அம்புட்டு வராது. பெட்டியில கொஞ்சம் சேதாரம் ஆகும். கடைசிச் சொட்டு வரைக்கும் உறியவும் கூடாது. வருசம் ஆக ஆக ஸ்டிக்கர்ல நம்பரு அப்படியே இருக்கும், உள்ள கொறஞ்சுக்கிட்டே வரும்."

நான் பொதுவாக வந்தவர்களிடம் பேச மாட்டேன். அன்றைக்குக் கேட்டுவிட்டேன். "தொடாம பத்திரமா வச்சிருந்தா கொறையாதுல்ல தம்பி?"

"அப்பவும் கொறையும்க்கா. சரியாச் சார்ஜ் ஏறாமக் கெடந்தா உள்ள தகடு வெள்ளை பூத்துரும்."

"ஹாரன் நல்லா அடிச்சா?"

"ஹாரனா? இன்வெர்ட்டர்ல ஏதுக்கா ஹாரனு?" என்று சிரித்தான்.

"ஜீப்புல."

"சாகக் கெடக்குற பேட்டரியும் ஹாரன் அடிக்கும்க்கா. ஒரு செகண்டு வேலைதான அது. ராத்திரி பூரா ஒரு சின்ன பல்பைப் போட்டு விட்டுப் பாருங்க, அப்பத் தெரியும் உள்ள எவ்வளவு இருக்குன்னு."

அவனுக்கு டீ கொடுத்து அனுப்பினேன். இந்த வயதில் எதற்கு ஹாரனைப் பற்றிக் கேட்டேன் என்று மகன் கேட்டான். அவனுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

என் அப்பா ஜீப் ஓட்டினார். மூன்று கை மாறி வந்த டீசல் ஜீப். கருக்கலில் போடியிலிருந்து ஏலக்காய் பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலையேறுவார். பொழுது சாயும்போது அவர்களையும் நாலு மூட்டைக் காயையும் இறக்கிக்கொண்டு வருவார். அவர் சட்டையைத் துவைக்கும் தண்ணீரில்கூட ஏலக்காய் மணக்கும். எனக்கு அந்த வாசனையோடு டீசலும் சேர்ந்து வந்தால்தான் ஏலக்காய் என்று தோன்றும். பாயசத்தில் வருவது வேறு ஏதோ.

மலை டிரைவர்கள் ஸ்டார்ட்டரைத் தொட மாட்டார்கள். இது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். எங்கே நிறுத்தினாலும் சரிவு பார்த்து, மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்துவார்கள். கிளம்பும்போது பிரேக்கை விட்டால் வண்டி உருளும். இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டால் எஞ்சின் ஒரு உதறு உதறி எழுந்துகொள்ளும். எங்கள் தெரு ஓடைப்பக்கம் இறங்கும் தெரு, அதனால்தான் அப்பா அந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தார் என்று அம்மா சொல்வாள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்து வாசலில் நிறுத்த மாட்டார். எங்கேயோ மேட்டில் நிறுத்திவிட்டு எங்களைப் பட்டுச்சேலையோடு நடக்க வைப்பார். சமதளத்து ஊர் என்றால் கண்மாய்க்கரையைத் தேடுவார்.

சக்கரத்துக்கு அடை கொடுக்க ஒரு உடைந்த குழவிக்கல் இருந்தது. இழுப்பதற்குத் தோதாக அதில் சணல் கயிறு கட்டியிருந்தார். ஜீப்பில் நான் போகும் நாளெல்லாம் அதை இழுப்பது என் வேலை. அப்பா கதவுக்கு வெளியே தலையை நீட்டி "கல்ல எடு" என்பார். இழுத்துக்கொண்டு, நகரும் வண்டியில் ஓடி ஏற வேண்டும். கயிறு இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது. கல்தான் எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஸ்டார்ட்டர ஒரு தடவ அடிச்சா பத்து நாள் கரண்டைக் குடிச்சிரும்" என்பது அப்பாவின் சித்தாந்தம். அதனால் பேட்டரியில் இருப்பதெல்லாம் அப்படியே சேர்ந்து கிடக்கிறது என்று நம்பினார். குதிருக்குள் நெல் கிடப்பதுபோல. வெள்ளிக்கிழமை ஜீப்பைக் கழுவிப் பொட்டு வைக்கும்போது பேட்டரிக்கும் ஒரு பொட்டு வைப்பார். 75 என்று அச்சடித்த பட்டையைத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பார். துடைத்துவிட்டு ஹாரனை ஒரு அடி அடிப்பார். தெருவே அதிரும். "கேட்டியா? கல்லு மாதிரி இருக்கு பேட்டரி."

"என் தோட்டைக் கொண்டுபோய் அடகுக் கடையில வைக்கிற மனுசன், பேட்டரிக்கு எண்ணெ போட்டுத் துடைக்கிறாரு" என்பாள் அம்மா. அப்பா இன்னொரு ஹாரன் அடித்து அதற்குப் பதில் சொல்வார்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. என் அத்தை. தேவாரத்தில் வாக்கப்பட்டவள். மாமா இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது. மலையடிவாரத்தில் மாமா பங்குக்கு வந்த வாழைத்தோட்டத்தை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் தம்பிக்கு, அதாவது அத்தையின் கொழுந்தனாருக்கு, அது பிடிக்கவில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் பொம்பளையால் யானைக்காட்டு ஓரத்தில் வெள்ளாமையைக் காக்க முடியாது என்பதில் உறுதியாக இருந்தார். ஊர்ப் பெரியவர்களை வைத்து ஒரு பேச்சு முடிந்திருந்தது. அந்த வருட வாழையை அத்தை சேதமில்லாமல் வெட்டி எடுத்துவிட்டால் நிலம் அவளிடமே இருக்கும். இல்லையென்றால் கொழுந்தனார் உழுதுகொள்வார், அவளுக்கு வருடத்துக்கு இத்தனை மூட்டை நெல் கொடுப்பார். அத்தை அந்த நெல்லைப் பற்றிப் பேசும்போது மட்டும் மூக்கைச் சுளிப்பாள். "கை நீட்டி வாங்கித் திங்கவா எனக்கு ரெண்டு கை இருக்கு?"

மாமா இருக்கும்போதே தோட்டத்தைச் சுற்றிக் கரண்டு வேலி போட்டிருந்தார். சாதாரணக் கம்பிதான். ஒரு பெட்டி, பேட்டரியிலிருந்து கரண்டை எடுத்து, விட்டு விட்டுக் கம்பிக்கு அனுப்பும். கொல்லாது, சுண்டிவிடும். யானை தும்பிக்கை நுனியால் தொட்டுவிட்டு ஒரு பிளிறலோடு திரும்பிவிடும் என்பார்கள். அந்தப் பெட்டி வேலை செய்யும்போது டிக், டிக் என்று சத்தம் வரும். பொழுது சாய அத்தை அதைப் போட்டுவிட்டு, விடிந்ததும் அணைப்பாள்.

அந்த மார்கழியில், தார் எல்லாம் இறங்கிக் காய் திரண்டிருந்த நேரத்தில், வேலியின் பேட்டரி பக்கவாட்டில் வீங்கிப்போனது. போடியில் சார்ஜ் போடும் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளிவைத்தார். புதிது மதுரையிலிருந்து வர வேண்டும். அதுவரை அத்தை தோட்டத்துப் பரணில் படுத்தாள். மரக்கால் நட்டு மேலே தட்டி போட்ட பரண். கையில் ஒரு தகர டின்னும் கொஞ்சம் வெடியும். பனியில் கிடந்து காய்ச்சல் வந்துவிட்டது.

அரைப்பரீட்சை லீவு விட்டதும் அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு தேவாரம் போனார். ஜீப்பைக் கண்மாய்க்கரையில் நிறுத்தி, நான் கல்லை வைத்தேன். வாழைத்தோட்டத்துக்குள் நுழைந்தால் வெயில் பச்சையாகிவிடும். காய்ந்த சருகு காலில் மொறமொறக்கும். பூவிலிருந்து தேன் சொட்டும், நான் அண்ணாந்து நாக்கை நீட்டுவேன். அத்தை சருகுக்கட்டு மேல் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். கண் குழி விழுந்திருந்தது.

"என்ன ஆத்தா இது, பேய் புடிச்சவ மாதிரி" என்றார் அப்பா.

"பேய்க்கு என்னைப் புடிக்க நேரமில்லண்ணே. யானையக் கண்டா அதுவும் ஓடிருது."

"வெட்ட இன்னும் எத்தனை நாளாகும்?"

"பதினஞ்சு, பதினாறு நாள். பொங்கலுக்கு ஏவாரி வந்து வெட்டிக்கிறேன்னுருக்காரு."

அப்பா கண்மாய்க்கரைக்குப் போனார். திரும்பி வரும்போது தோளில் ஜீப்பின் பேட்டரி இருந்தது. வெள்ளிக்கிழமைப் பொட்டு அழியாமல் இருந்தது.

"ஐயோ, வண்டிக்கு?" என்றாள் அத்தை.

"வண்டிக்கு எதுக்கு? நான் என்னைக்கு ஸ்டார்ட்டர் போட்டேன்? உருட்டி விட்டா ஓடுது. ரெண்டு வருசமாத் தொடாம வச்சிருக்கேன் ஆத்தா. எல்லாம் உள்ளதான் இருக்கு."

பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருந்த காகிதத்தை என்னைப் படிக்கச் சொன்னார். கால் ஆம்பியர் எடுக்கும் என்று இருந்தது. அப்பா சருகைத் தள்ளிவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார். "எழுவத்தஞ்சு படி நெல்லு இருக்கு. மணிக்குக் கால் படி அளந்து போடுறோம். எத்தனை மணி நேரத்துக்கு வரும்?"

"முந்நூறு" என்றேன்.

"பாத்தியா, என் பிள்ளைக்கு வாய்தான் இல்ல, மண்டை இருக்கு. ராத்திரிக்குப் பன்னெண்டு மணி நேரம். அப்ப எத்தனை ராத்திரி?"

"இருவத்தஞ்சு."

"அஞ்சைத் தள்ளிரு. காய உலத்துனா எடை கொறையும்ல, அது மாதிரி சேதாரம். இருவது. இருவது ராத்திரி தாங்கும் ஆத்தா. நீ வீட்டுல போயிக் கஞ்சி குடிச்சுட்டுப் படு."

ஏலக்காய்க்காரருக்குப் பச்சைக் காய் உலர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஐந்து பங்கு காய் ஒரு பங்காகிவிடும். அப்பா அதைத் தெரிந்தவர்தான். அப்படியும் பேட்டரிக்கு ஐந்து ராத்திரியைத்தான் தள்ளினார். அந்த வகுத்தல் கணக்கில் இன்றைக்கும் யாராலும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. அந்த எழுபத்தைந்து படியும் மூட்டைக்குள் இருக்கிறதா என்றுதான் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

வயரை மாட்டினார். டிக், டிக் என்று பெட்டி பேச ஆரம்பித்தது. அத்தை ஒரு பச்சைப் புல்லைப் பிடுங்கி அதன் நுனியால் கம்பியைத் தொட்டாள். "ஆத்தீ! நல்லாச் சுண்டுது" என்று கையை உதறிச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். மழைக்கு மறைவாக ஒரு பழைய பிஸ்கட் டின்னைப் பேட்டரி மேல் கவிழ்த்தாள். லீவு முடிகிறவரை நான் அங்கேயே இருப்பது என்று முடிவானது.

அப்பாவின் ஜீப் ஹாரன் இல்லாமல் மலையேறியதை அம்மா பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்ப முடியாது. அப்பா வண்டியிலிருந்த பெண்களைச் சத்தம் போடச் சொன்னாராம். வளைவு வந்ததும் எல்லோரும் ஜீப்பின் தகரத்தைத் தட்டி "ஓஓய்" என்று கத்த வேண்டும். ஒரு வளைவில் எதிரே வந்த லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "என்னண்ணே, கல்யாண கோஷ்டியா, கருமாதி கோஷ்டியா?" என்று கேட்டிருக்கிறார். "என் தங்கச்சி தோட்டத்துக்குக் காவலு" என்றாராம் அப்பா. லாரிக்காரருக்கு என்ன விளங்கியிருக்கும்?

முதல் சாயங்காலமும் அடுத்த சாயங்காலமும் பெட்டி நன்றாகத்தான் பேசியது. அத்தை என்னோடு வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வெட்டி முடிந்ததும் மேல்பக்கம் இரண்டு வரிசை தென்னங்கன்று வைக்கப்போவதாகச் சொன்னாள். இடம் விட்டுத்தான் வைக்க வேண்டும், நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று சாப்பிட்டுவிடும் என்றாள். படுத்த பிறகும் கன்றுகளைப் பற்றித்தான் பேசினாள்.

மூன்றாவது சாயங்காலம் பெட்டியைப் போட்டுவிட்டு நாங்கள் வரப்பில் நின்றோம். டிக் என்றது. அடுத்த டிக் வருவதற்கு முன்னால் ஒரு இடைவெளி. மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிறவரைப்போல இருந்தது. நான் அத்தையைப் பார்த்தேன். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். புல்லால் தொட்டாள்.

"எப்படியிருக்கு அத்தே?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு." இன்னொரு முறை தொட்டாள். "பனிக்குப் புல்லு நனைஞ்சிருக்கும். அண்ணன் இருவது ராத்திரின்னுருக்கு. மூணுதான ஆகுது."

மறுநாள் காலை போடி பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினாள். அந்தக் காலத்தில் அதுதான் நம் டெலிபோன். "எங்கண்ணன் ஜீப்பு ஸ்டாண்டுல இருப்பாரு. பெட்டி மெதுவா அடிக்குது, பேட்டரியப் பாக்க வரணுமான்னு கேளுங்கண்ணே." கண்டக்டர் விரலிடுக்கில் சீட்டுக் கட்டோடு தலையாட்டினார். அன்றைக்கு முழுவதும் அத்தை ரோட்டுப் பக்கம் வேலை இருப்பதுபோலவே நடமாடினாள். பஸ் வரும் சத்தம் கேட்டால் நிமிர்வாள். என்னிடம் மட்டும் "ஆட்டுக்குக் கொழை ஒடிக்க வந்தேன்" என்பாள். அவளிடம் ஆடு கிடையாது.

சாயங்கால பஸ்ஸில் பதில் வந்தது. கண்டக்டர் படியிலேயே நின்று கத்தினார். "ஒங்கண்ணன் சிரிக்கிறாரும்மா! காய்ச்ச மண்டையில ஏறிருச்சான்னு கேக்குறாரு. பொறி பறக்குதான்னு வயரை ஒரசிப் பாக்கச் சொன்னாரு. பறந்தா ஒண்ணும் பயமில்லையாம். இருவது ராத்திரிக்கு நான் ஜவாப்புன்னாரு." விசில் ஊதிவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் தோட்டத்துக்குப் போனோம். அத்தை பிஸ்கட் டின்னைத் தூக்கிவிட்டு, ஒரு வயரை எடுத்து முனையில் லேசாக உரசினாள். நீலமாக ஒரு பொறி பறந்தது. எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அதன் வெளிச்சம் பட்டது. அத்தை பெரிதாக மூச்சு விட்டாள். "இருக்கு" என்றாள். வயரை மாட்டி, பெட்டியைப் போட்டாள். அது மெதுவாகத்தான் அடித்தது. அவள் பரணை ஒரு பார்வை பார்த்தாள். அதன் தட்டி ஒரு பக்கம் சரிந்திருந்தது. தகர டின் அடியில் கிடந்தது. அதை எடுப்பதற்குக் குனிந்தவள், எடுக்காமலே நிமிர்ந்தாள். "வா பிள்ள, வெரசா. பனி எறங்குது."

அந்த இடத்தில்தான் என் நினைவு நின்றுவிடுகிறது. காது சொன்னது, கை சொன்னது. அண்ணன் சொன்ன நம்பர் வேறாக இருந்தது. அத்தை அண்ணனைக் கேட்டாள். நானும் அவள் இடத்தில் இருந்திருந்தால் அப்பாவைத்தான் கேட்டிருப்பேன். போன ஐப்பசியில் என் மகன் போட்ட கணக்கை நம்பினேனே.

காலையில் கொழுந்தனார்தான் வந்து கதவைத் தட்டினார். "மதினி" என்றார். தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

தோட்டத்தில் வெயில் பச்சையாக இல்லை. முதலில் அதுதான் எனக்குப் பட்டது. வெள்ளை வெயில் நேராகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. மரங்கள் எல்லாம் படுத்திருந்தன. யானைகள் தண்டைப் பட்டை பட்டையாக உரித்து உள்ளிருக்கும் குருத்தைத் தின்றிருந்தன. தார்களை மிதித்திருந்தன. அரைத்த வாழைக்காயின் துவர்ப்பு வாசனை தோட்டம் முழுக்க இருந்தது. கால்தடங்களில் தண்ணீர் ஊறி நின்றது. சின்னத் தடங்களும் இருந்தன. குட்டியோடு வந்திருக்கின்றன. மேல்பக்கத்து வேலிக்கால்கள் நிதானமாகச் சாய்த்துவைத்ததுபோல் சாய்ந்திருந்தன. பிஸ்கட் டின் மட்டும் வைத்த இடத்தில் இருந்தது. அதன் மேல் பனித்துளி.

அத்தை அழவில்லை. படுத்துக் கிடந்த மரங்களுக்கு இடையில் போய் நடுவில் எங்கேயோ நின்றாள். சாயாத மரம் ஒன்று இருந்தது. அதன் தாரைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள், அது விழப்போவதுபோல.

உச்சிப்பொழுதுக்கு அப்பா வந்தார். சேதி மலையிலேயே அவரை எட்டியிருந்தது. கண்மாய்க்கரையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தவர், தோட்டத்தைப் பார்க்காமல் நேராகப் பேட்டரியிடம் போனார். வயரைக் கழற்றி உரசினார். பொறி வந்தது. சின்னதாக, ஆனால் வந்தது.

"பாருங்க மாப்ளே, பொறி வருது" என்று கொழுந்தனாரிடம் காட்டினார். "பேட்டரியில ஒண்ணுமில்ல. யானை பழகிருச்சு. கம்பியில புல்லு பட்டுக் கரண்டு தரையில எறங்கியிருக்கும். இங்க பாருங்க, பொறி." திரும்பத் திரும்ப உரசினார். ஒவ்வொரு தடவையும் அது சின்னதாகிக்கொண்டே வந்தது. அப்பா வயரைக் கீழே வைக்கவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததில்லை. நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. எனக்குத்தான் வாய் கிடையாதே.

"விடுங்க மச்சான்" என்றார் கொழுந்தனார், தணிந்த குரலில். "பேட்டரி என்ன செய்யும். ஆம்பளை படுத்துக் காக்க வேண்டிய எடம் இது. அதான் நான் அன்னைக்கே சொன்னேன்." பிறகு அத்தையைப் பார்க்காமலே, "தை பொறக்கட்டும் மதினி, நான் உழுதுக்கிறேன்" என்றார்.

யானைமேல் பழி, புல்மேல் பழி, பொம்பளைமேல் பழி. அன்றைக்கு அங்கே நின்ற எல்லோரும் உண்மையாகத்தான் பேசினார்கள். பொறி பறக்கிற பேட்டரியைக் கெட்டது என்று யார் சொல்வார்கள்? மேடும் சரிவும் இல்லாத ஊரில் வண்டி ஓட்டுகிறவராக அப்பா இருந்திருந்தால், ஒருநாள் காலையில் ஸ்டார்ட்டர் முனகி நின்றிருக்கும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று தானாகத் தெரிந்திருக்கும். மலை அவரை அந்தக் கேள்வியே கேட்கவில்லை. கடைத் தம்பி சொன்ன பிறகுதான் எனக்கும் இவ்வளவு விளங்கியது. சொல்வதற்கு இப்போது அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை.

தோட்டத்தை விட்டு வெளியேறும்போது அப்பா அத்தையிடம் கேட்டார். "பரண்ல படுத்திருக்கலாமே ஆத்தா?"

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்டக்டர் கொண்டுவந்த பதிலை அவள் எடுத்துச் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். "ஆமாண்ணே. படுத்திருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர்கள் இரண்டு பேரும் எடுத்து நான் கேட்டதில்லை.

அன்றைக்கு நாங்கள் தேவாரத்திலேயே தங்கினோம். மறுநாள் காலை அப்பா பேட்டரியைத் தோளில் தூக்கிப்போய் ஜீப்பில் மாட்டினார். அத்தை ஒரு துணிமூட்டையோடு பின்னால் ஏறினாள். மலையில் ஏலக்காய் பறிக்க ஆள் குறைவாக இருந்தது, அந்த வேலைக்குத்தான் வந்தாள். அப்பா தலையை நீட்டி "கல்ல எடு" என்றார். நான் எடுத்தேன். வண்டி கரையிலிருந்து உருண்டு ஸ்டார்ட் ஆனது. கரை முடியும் இடத்தில் ஒரு மாடு நின்றது. அப்பா ஹாரன் அடித்தார். நன்றாகக் கேட்டது.